ஆழ்நில அணுக்கழிவுக் கிடங்கில் வெப்பமும் தகைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணு உலையில் பயன்பட்டு முடிந்த எரிபொருளைத் தரைக்குக் கீழே அரை கிலோமீட்டர் ஆழத்தில் வைத்து மூடுவது பற்றிப் பேச்செடுத்தால், கேட்பவர் நினைப்பு நேரே கதிர்வீச்சுக்குத்தான் போகும். கிடங்கை வடிவமைப்பவர் முதலில் கவலைப்படுவது சூட்டைப் பற்றி. சூடேறினால் பாறை விரியும். விரிய இடமில்லாவிட்டால் இறுகும். இறுகிய பாறை சில இடங்களில் உடையும். பாறையின் நுண்துளைகளில் இருக்கும் நீரும் சூடாகி அழுத்தத் தொடங்கும். இவற்றை முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்கும் கணிமாதிரிகளைப் பற்றி அடிக்கடி எழும் கேள்விகள் கீழே. பதில்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்காது. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

உலையிலிருந்து எடுத்த பிறகும் எரிபொருள் ஏன் சூடாகவே இருக்கிறது?

உலையை நிறுத்தினால் அணுப்பிளவு நின்றுவிடும். கதிரியக்கச் சிதைவு நிற்காது. நிறுத்திய கணத்தில் உலையின் வெப்பத் திறனில் 6 முதல் 7 சதவீதம் வரை சிதைவு வெப்பமாகத் தொடர்கிறது. முதல் சில ஆண்டுகளில் அது வேகமாகக் குறைகிறது. அதன்பின் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 ஆகிய இரண்டின் கை ஓங்கியிருக்கும். இரண்டுக்கும் அரை ஆயுள் ஏறத்தாழ 30 ஆண்டு. அவை அடங்கியதும் அமெரிசியம்-241 முன்னுக்கு வரும். அதன் அரை ஆயுள் 432 ஆண்டு. அதற்கும் பிறகு புளூட்டோனியத்தின் மெல்லிய, நீண்ட வால்.

ஸ்வீடனின் கேபிஎஸ்-3 என்ற புதைப்பு முறையில் ஒரு செப்புக் கொள்கலனுக்குள் ஏறத்தாழ இரண்டு டன் யுரேனியம் அடங்கும். புதைக்கும் நாளில் அது வெளியிடும் வெப்பம் 1700 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெட்டில் அளவுக்குத்தான். கெட்டிலை அணைத்துவிடலாம், இதை அணைக்க முடியாது என்பதுதான் வேறுபாடு. பல பத்தாண்டுகளுக்கு, களிமண் போர்த்திய நிலையில், இது சூட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் என்றாவது உருகிவிடுமா, வெடித்துவிடுமா?

இல்லை. பாறை உருகும் வெப்பநிலைக்கு இந்தக் கிடங்குகள் எங்கும் நெருங்குவதில்லை. ஆனால் வெப்பத்தைக் கவனிக்காமல் விட்டதால் நேர்ந்த விபத்து ஒன்று வரலாற்றில் உண்டு. 1957 செப்டம்பரில் சோவியத் ஒன்றியத்தின் மாயாக் ஆலையில், திரவக் கழிவுத் தொட்டி ஒன்றின் குளிர்விப்பு பழுதானது. நீர் ஆவியாகி, எஞ்சிய உப்புகள் சூடேறி வேதிவெடிப்பு ஏற்பட்டது. தரையை ஒட்டிய தொட்டியில் கிடந்த திரவக் கழிவு அது. ஆழத்தில் தனித்தனியாக, திடப்பொருளாக வைக்கப்படும் கொள்கலனுக்கு அந்த வழி இல்லை.

வெப்பநிலை எவ்வளவு வரை போகலாம்?

நாட்டுக்கு நாடு, பாறைக்குப் பாறை வேறுபடும். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் கொள்கலனைச் சுற்றிய, நனைந்தால் ஊதும் பெண்டோனைட் களிமண் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. பிரான்சின் சிஜெயோ கிடங்குத் திட்டத்தில் களிப்பாறைக்கு 90 டிகிரி. ஜெர்மனி 2017-இல் இயற்றிய இடத்தேர்வுச் சட்டத்தில், கொள்கலனின் வெளிப்பரப்புக்கு 100 டிகிரியை முன்னெச்சரிக்கை வரம்பாக வைத்தது. அமெரிக்காவின் யுக்கா மலைத் திட்டம் நேர் எதிர்ப் போக்கு: சுரங்கச் சுவரையே கொதிநிலைக்கு மேல் வைத்தால் நீர் அண்டாது என்று எண்ணியது.

100 டிகிரிக்குமேல் களிமண் அப்படியே கெட்டுப்போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கொதிக்கும் நீரின் சிக்கலும், களிமண் கனிமங்கள் மெல்ல மாறும் சிக்கலும் கணக்கில் நுழையாமல் இருக்கட்டும் என்று போட்ட வேலி அது. வேலியைத் தள்ளிப் போட முடியுமா என்று பார்க்கத்தான் ஸ்விட்சர்லாந்தின் கிரிம்செல் ஆய்வுச் சுரங்கத்தில் ‘ஹாட்பென்ட்’ சோதனை 2021-இல் தொடங்கியது. அங்கே பெண்டோனைட்டை 200 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். வரம்பை உயர்த்த முடிந்தால் கொள்கலன்களை நெருக்கி வைக்கலாம், குறைவாகத் தோண்டினால் போதும்.

வெப்பம் பாறைக்குள் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாகப் போகும்?

ஆமை வேகம் என்றால் ஆமைக்குக் கோபம் வரும். கருங்கல்லில் வெப்பம் பரவும் தூரம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. முதல் ஆண்டில் ஏறத்தாழ 6 மீட்டர். நூறு ஆண்டில் 56 மீட்டர். ஆயிரம் ஆண்டில் 180 மீட்டர். 500 மீட்டர் ஆழத்திலிருந்து தரையை எட்டுவதற்குக் கிட்டத்தட்ட பத்தாயிரம் ஆண்டு. இவை துல்லிய எண்கள் அல்ல. ஒரு கால்குலேட்டரில் வரும் மதிப்பீடு. ஆனால் கிடங்கின் வாழ்க்கைக் கதை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

முதல் பத்து, பதினைந்து ஆண்டுகளில் ஒரு கொள்கலன் தன் சொந்தச் சூட்டில்தான் இருக்கிறது. களிமண்ணின் உச்ச வெப்பநிலை பெரும்பாலும் இந்தக் காலத்தில் வந்துபோய்விடும். பிறகு பக்கத்துக் கொள்கலனின் சூடு வந்து சேரும், அதன்பின் பக்கத்துச் சுரங்கத்தின் சூடு. சில நூற்றாண்டுகள் கழித்துப் பார்த்தால் தனித்தனிக் கொள்கலன்கள் கண்ணுக்குப் படாது. கிடங்கு மொத்தமும் பாறைக்குள் கிடக்கும் ஒரே வெதுவெதுப்பான தட்டையான பலகைபோல் நடந்துகொள்ளும். ஆகவே மாதிரியும் இரண்டு தேவைப்படும்: அருகே உற்று நோக்கும் ஒன்று, எட்ட நின்று பார்க்கும் இன்னொன்று. இரண்டையும் ஒரே வலையில் (பாறையைச் சிறு கட்டங்களாக வெட்டிய கணக்கு வலையில்) அடக்க முயன்றால், 5 சென்டிமீட்டர் செப்புச் சுவரும் சில கிலோமீட்டர் பாறையும் ஒரே கணக்கில் வந்து கணினி திணறும்.

கணிமாதிரி கடைசியில் எதைச் சொல்கிறது?

ஒரு தூரத்தை. கொள்கலன்களைச் சுரங்கத்துக்குள் தனித்தனிக் குழிகளில் இறக்குகிறார்கள். ‘இந்தக் குழிக்கும் அடுத்த குழிக்கும் இத்தனை மீட்டர்’ என்பதுதான் பெரும்பாலும் அதன் நடைமுறைப் பயன். ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் கிடங்கு வடிவமைப்பில் சுரங்கங்களுக்கிடையே 40 மீட்டர். ஒரே சுரங்கத்தில் குழிகளுக்கிடையே, வெப்பத்தை நன்றாகக் கடத்தும் பாறைப்பகுதியில் 6 மீட்டர், அவ்வளவாகக் கடத்தாத பகுதியில் 6.8 மீட்டர். வெறும் 80 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். அங்கே வைக்கத் திட்டமிட்டிருப்பவை ஏறத்தாழ 6000 கொள்கலன்கள். அத்தனைக்கும் 80 சென்டிமீட்டர் கூட்டினால் கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் சுரங்கம் கூடுதலாகத் தோண்டவேண்டும். பாறையின் வெப்பக் கடத்துதிறனை இரண்டாம் தசமம் வரை அளப்பதில் அவர்கள் பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

வெப்பக் கணக்கில் எங்கே தப்பு நேரும்?

பாறையில் அல்ல, கொள்கலனை ஒட்டிய ஒரு கை அகலத்தில். கேபிஎஸ்-3 முறையில் 1.05 மீட்டர் விட்டமுள்ள கொள்கலனைச் சுற்றி 35 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பெண்டோனைட் இருக்கிறது. அது நன்றாக நனைந்து, கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 1.2 வாட்டாக இருந்தால், உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு 24 டிகிரி வரும். அதே களிமண் காய்ந்துபோய் 0.4 ஆகிவிட்டால் 70 டிகிரி. இரண்டும் கொள்கலனின் இரு முனைகள் வழியே போகும் வெப்பத்தைக் கழிக்காத கைக்கணக்கு. உண்மையில் சற்றுக் குறையும். ஆனாலும் வித்தியாசத்தின் பரிமாணம் தெரிகிறது அல்லவா? சுற்றியுள்ள பாறையிலிருந்து நீர் எப்போது கசிந்து வந்து களிமண்ணை நனைக்கும் என்பதைப் பொறுத்து 100 டிகிரி வரம்பு காக்கப்படுகிறது அல்லது மீறப்படுகிறது.

காற்றிடைவெளி இன்னொரு வில்லன். கொள்கலனுக்கும் களிமண் வளையத்துக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டாகவேண்டும், இல்லாவிட்டால் இறக்கிவைக்க முடியாது. காற்றின் கடத்துதிறனை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த ஒரு சென்டிமீட்டர் 30 டிகிரிக்கு மேல் விழுங்கும். வெப்பக் கதிர்வீச்சையும் சேர்த்தால் குறையும். எவ்வளவு குறையும் என்பது செப்பின் மேற்பரப்பு எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. லட்சம் ஆண்டுத் திட்டத்தின் கணக்கு, உலோகத்தின் மெருகில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு வரும்.

தகைவு என்றால் என்ன? வெப்பத்துக்கும் அதற்கும் என்ன உறவு?

ஒரு பொருளுக்குள் ஓரலகுப் பரப்பில் செயல்படும் உள்விசைதான் தகைவு. அலகு மெகாபாஸ்கல், 100 மீட்டர் நீர்த்தூண் தன் அடியில் தரும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு மெகாபாஸ்கல்.

500 மீட்டர் ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் எடையே சுமார் 13 மெகாபாஸ்கல் செங்குத்துத் தகைவைத் தருகிறது. கிடைமட்டத் தகைவு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று எண்ணவேண்டாம். ஸ்கேண்டிநேவியப் பாறைகளில் அது இரண்டு, மூன்று மடங்குகூட இருக்கும். வெப்பம் வரும் முன்பே பாறை நெருக்குண்டுதான் கிடக்கிறது.

தண்டவாளத்தில் இடைவெளி விடாமல் இறுக்கி வைத்தால் வெயிலில் என்ன ஆகும் என்று தெரியும். பாறைக்கு இடைவெளியே கிடையாது. நான்கு பக்கமும் பாறை. அது விரிய முயல்கிறது, சுற்றியுள்ள குளிர்ந்த பாறை விடமாட்டேன் என்கிறது. பாறையின் விறைப்பைக் காட்டும் யங் குணகம் 60 கிகாபாஸ்கல் (ஒரு கிகாபாஸ்கல் ஆயிரம் மெகாபாஸ்கல்), நீள்விரிவுக் குணகம் டிகிரிக்கு பத்து லட்சத்தில் 8 பங்கு, ஒரு பக்கம் நெருக்கினால் மறுபக்கம் பிதுங்கும் அளவைச் சொல்லும் பாய்சான் விகிதம் 0.25 என்று கொண்டால், 30 டிகிரி உயர்வு கிடைமட்டத்தில் கிட்டத்தட்ட 20 மெகாபாஸ்கலைக் கூட்டுகிறது. மேலேயிருக்கும் 500 மீட்டர் பாறையின் எடையைவிட அதிகம்!

அதனால் பாறை உடையுமா?

திடமான பாறை நடுவே உடையாது. குழியின் சுவரில் உடையலாம். ஏன் என்பதை எண்களில் பார்த்துவிடுவோம். எண்கள் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை, ஆனால் நடைமுறைக்குத் தூரமில்லை.

கிடைமட்டத் தகைவுகள் ஒரு திசையில் 40, அதற்குச் செங்குத்தான திசையில் 20 மெகாபாஸ்கல் என்று வையுங்கள். அங்கே ஒரு வட்டக் குழியைத் தோண்டினால், குழியின் சுவரில் மிகவும் நெருக்குண்ட இடத்தில் தகைவு, பெரியதன் மூன்று மடங்கிலிருந்து சிறியதைக் கழித்தது: 100. கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1898-இல் தந்த பழைய சூத்திரம் இது. இப்போது வெப்பம் இரு திசையிலும் 20-ஐக் கூட்டுகிறது. அறுபதும் நாற்பதும். சுவரில் 140. பாறைத் துண்டு ஆய்வகத்தில் 220 மெகாபாஸ்கல் தாங்கும் என்றால் கவலை எதற்கு?

இங்கேதான் ஒரு பாடம் கிடைத்தது. ஸ்வீடனின் ஏஸ்பெ ஆய்வுச் சுரங்கத்தில் 2003-04 வாக்கில், 1.8 மீட்டர் விட்டமுள்ள இரண்டு குழிகளை அருகருகே தோண்டி, நடுவே ஒரு மீட்டர் தடிமனில் ஒரு தூணை விட்டு, அதைச் சூடாக்கினார்கள். ஆய்வகத் துண்டின் வலிமையில் ஏறத்தாழ 58 சதவீதத்தை எட்டியபோதே சுவர் ஓடு ஓடாக உரியத் தொடங்கியது. கனடாவின் மானிட்டோபா மாநில நிலத்தடி ஆய்வகத்தில் நடந்த சோதனைகளும் ஏறக்குறைய அதே திசையைக் காட்டியிருந்தன. அந்த விகிதத்தை நம் உதாரணத்தில் போட்டால், தாங்கும் எல்லை 125 சுற்றி வருகிறது. தோண்டும்போது 100, பத்திரம். சூடேறியபின் 140, உரியும். புதைக்கும் நாளில் பார்த்தால் சுவர் கண்ணாடிபோல் இருக்கும், சேதம் பின்னால் ஆளில்லாதபோது வரும்.

ஏஸ்பெ சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு குழிகளில் ஒன்றின் உள்ளே நீர்ப்பையை வைத்து ஒரு மெகாபாஸ்கலுக்கும் குறைவான அழுத்தம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் சுவர் உரியவில்லை. நூறு மெகாபாஸ்கல் நெருக்குதலை எதிர்த்து நிற்க, உள்ளிருந்து ஒரு விரல் தாங்கல் போதுமாக இருக்கிறது! பெண்டோனைட் நனைந்து ஊதினால் சுவரைப் பல மெகாபாஸ்கல் அழுத்தும். ஆகவே கேள்வி மறுபடியும் பழைய இடத்துக்கே வருகிறது: களிமண் நனைவது முந்துமா, பாறை சூடேறுவது முந்துமா?

சுவரின் சில சென்டிமீட்டர் உரிந்தால் என்ன கெட்டுவிடும்?

குழி இடிந்துவிடாது. உரிந்த பட்டை வழியே நீர் எளிதாக ஓடும், களிமண்ணுக்கும் நீருக்கும் பரிமாற்றம் கூடும். பாதுகாப்புக் கணக்கில் அதை ஒரு தனி உருப்படியாகச் சேர்க்கவேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

களிப்பாறையிலும் இதே கதைதானா?

இல்லை. அங்கே முதன்மைப் பாத்திரம் நீர்.

பிரான்சின் புய்ர் அருகே சுமார் 490 மீட்டர் ஆழத்தில் உள்ள கல்லோவோ-ஆக்ஸ்போர்டியன் களிப்பாறையும், ஸ்விட்சர்லாந்தின் ஒபாலினஸ் களிப்பாறையும் நீரைக் கிட்டத்தட்ட விடவே விடாது. கழிவுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் குணத்துக்காக. சூடேறும்போது அதே குணம் தொல்லையாகிறது. நீர் விரியும் அளவு, பாறைத் துகள்கள் விரியும் அளவைப்போலப் பத்து மடங்குக்கு மேல். விரிந்த நீருக்குப் போக வழியில்லை. ஆகத் துளைநீர் அழுத்தம் ஏறுகிறது: வெளியேற வழியே இல்லாத நிலையில், டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 மெகாபாஸ்கல் என்ற அளவில். 40 டிகிரி உயர்ந்தால் 4 மெகாபாஸ்கல். அந்த ஆழத்தில் இயல்பாக இருக்கும் நீரழுத்தமே அவ்வளவுதான், கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடுகிறது.

பாறையை இறுக்கிப் பிடித்திருப்பது, மொத்தத் தகைவிலிருந்து நீரழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சும் பயனுறு தகைவு. நீர் அதை அரித்துத் தின்னத் தின்ன, பாறை ஒரு கட்டத்தில் இழுவிசைக்குப் போகும். களிப்பாறைக்கு இழுவிசை ஆகாது. சிஜெயோவில் உயர்கதிரியக்கக் கழிவு வைக்கும் நுண்சுரங்கங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதை முடிவு செய்வது 90 டிகிரி வரம்பு மட்டுமல்ல. இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே பயனுறு தகைவு இழுவிசையாக மாறக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்துதான்.

படிவுப்பாறை என்பதால் இன்னொரு சங்கடம் உண்டு. வெப்பமும் நீரும் படிவு அடுக்குகளுக்கு இணையாக வேகமாகப் போகும், குறுக்கே மெதுவாக. வெப்பக் கடத்துதிறனே கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று என்று வேறுபடும். மாதிரியில் ஒரே எண்ணைப் போட்டுவிட்டால் சமவெப்பக் கோடுகள் வட்டமாக வரும். ஸ்விட்சர்லாந்தின் மோன் தெரி நிலத்தடி ஆய்வகத்தின் உணரிகள் காட்டுவது நீள்வட்டம்.

உப்புப் பாறையைப் பற்றி?

அது பாறை வேடத்தில் இருக்கும் பாகு. நெருக்கினால் மெல்ல ஊர்ந்து வந்து வெற்றிடத்தை மூடிக்கொள்ளும். சூடு ஏறினால் ஊர்வு வேகமெடுக்கும். ஜெர்மனியில் பரவலாகப் பயன்படும் ஊர்வு விதியில் 35 டிகிரியையும் 100 டிகிரியையும் போட்டுப் பார்த்தால் வேகம் ஏறத்தாழ 40 மடங்கு. இங்கே வெப்பம் எதிரி இல்லை, கழிவைப் பொதிந்து மூடும் வேலையைச் சீக்கிரப்படுத்தும் கூட்டாளி. ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தில் 1990-களில் நடந்த சூடேற்றச் சோதனையில், கொள்கலன்களைச் சுற்றிக் கொட்டிய உப்புத்தூள் இறுகுவதை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். தொல்லை என்று பார்த்தால், உப்புப் படிகங்களுக்குள் சிறைப்பட்ட உவர்நீர்த் துளிகள் சூட்டை நோக்கி மெல்ல நகர்ந்து வரும்.

நியூ மெக்சிகோவில் 1999 முதல் இயங்கும் விப் கிடங்கும் உப்பில்தான், 655 மீட்டர் ஆழத்தில். ஆனால் அங்கே போவது பெரும்பாலும் வெப்பம் வெளியிடாத ராணுவத் துறைக் கழிவு. ‘உப்பில் ஏற்கெனவே செய்து காட்டிவிட்டார்களே’ என்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

‘இணைந்த மாதிரி’ என்று அடிக்கடி சொல்கிறார்களே, எது எதோடு இணைகிறது?

வெப்பம், நீர், விசை மூன்றும். சில வேளை வேதியியலும். வெப்பம் நீரை விரிக்கிறது, ஆவியாக்கித் துரத்துகிறது. நீர் போனதும் களிமண்ணின் கடத்துதிறன் குறைந்து வெப்பநிலை ஏறுகிறது. களிமண் நனைந்து ஊதினால் விசை. விசை விரிசலை மூடினால் நீரோட்டம் குறைகிறது.

எல்லா இணைப்பும் சம பலமுள்ளவை அல்ல என்பதுதான் முக்கியம். வெப்பத்திலிருந்து விசைக்குப் போகும் வழி தடித்த அம்பு. விசையிலிருந்து வெப்பத்துக்குத் திரும்பும் வழி இழையளவு. பாறை நசுங்குவதால் பிறக்கும் சூட்டைத் தாராளமாக விட்டுவிடலாம். புதிதாக மாதிரி கட்டுபவர்கள் எல்லா அம்பையும் சேர்த்துவிட்டு, பிறகு விடை ஏன் அப்படி வந்தது என்று சொல்ல முடியாமல் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் வெப்பத்தை மட்டும் தீருங்கள். விடை கைக்கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பிறகு அடுத்த அம்பு.

மென்பொருள்கள் பல. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் ‘டஃப்’ நீரையும் வெப்பத்தையும் பார்த்துக்கொள்ள, ‘ஃப்ளாக்’ விசையைப் பார்க்க, இரண்டையும் கோத்து ஓட்டுவது ஒரு மரபு. பார்சிலோனாவில் உருவான ‘கோட்-பிரைட்’ பெண்டோனைட்டுக்குப் பேர்போனது. ‘ஓப்பன்ஜியோசிஸ்’ திறமூலம்.

மாதிரி சொல்வது சரி என்று எப்படி நம்புவது?

மாதிரி தோற்ற இடங்களைப் பார்த்துத்தான்.

ஸ்வீடனின் ஸ்ட்ரிபா இரும்புச் சுரங்கத்தில், சுமார் 340 மீட்டர் ஆழத்தில், 1978-இல் அமெரிக்க, ஸ்வீடன் ஆய்வாளர்கள் கருங்கல்லுக்குள் மின்சூடேற்றிகளை இறக்கினார்கள். வெப்பநிலைக் கணிப்பு அழகாகப் பொருந்தியது. பாறை நகர்ந்த தூரமோ கணித்ததைவிடக் குறைவாக இருந்தது. மாதிரி பாறையை ஒரே கட்டியான மீள்பொருளாக எடுத்துக்கொண்டிருந்தது. உண்மைப் பாறையில் விரிசல்கள் உண்டு, விரிவின் ஒரு பகுதியை அவை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டன. பாறையின் குணகங்களும் வெப்பநிலையோடு மாறின. வெப்பம் எளிது, விசை கடினம் என்ற அந்தப் பாகுபாடு இன்றும் செல்லுபடியாகிறது.

யுக்கா மலையில் 1997 டிசம்பரில் தொடங்கிய சுரங்கச் சூடேற்றச் சோதனை, நான்கு ஆண்டு சூடாக்கல், நான்கு ஆண்டு ஆறவிடல் என்று நடந்தது. சுவர் 200 டிகிரி வரை போனது. பாறையிலிருந்த நீர் ஆவியாகி எங்கே போய்ப் படிகிறது என்று நுணுக்கமாகக் கணித்திருந்தார்கள். சுரங்க வாயை அடைத்த தடுப்பு வழியே வெப்பமும் ஆவியும் வெளியே கசிந்துகொண்டிருந்தது. அது எவ்வளவு என்று அளக்க ஏற்பாடு இல்லை. கோடிக்கணக்கில் செலவிட்ட சோதனையில் ஒரு கதவுதான் கணக்கைக் குழப்பியது. கிரிம்செலின் ஃபெபெக்ஸ் சோதனை 1997 முதல் 2015 வரை பதினெட்டு ஆண்டு பெண்டோனைட்டை 100 டிகிரியில் வைத்திருந்தது. மாட்ரிடில் அதன் இரட்டையாக ஓடிய ஆய்வகச் சோதனையில், களிமண் நனையும் வேகம் வழக்கமான சமன்பாடுகள் சொன்னதைவிடக் குறைந்தது. களிமண்ணின் நுண்துளை அமைப்பை இரண்டு அடுக்காக எழுதும் மாதிரிகள் வலுப்பெற்றதற்கு அது ஒரு காரணம்.

பின்லாந்தின் ஒன்கலோ கிடங்குத் தளத்தில் நடந்த பாறை உரிதல் சோதனை இன்னும் வேடிக்கை. ஏஸ்பெ விகிதத்தை வைத்து எதிர்பார்த்தபடி அங்கே சுவர் உரியவில்லை. வெவ்வேறு பாறை வகைகள் சந்திக்கும் எல்லைகளில்தான் சேதம் வந்தது. ஓரிடத்துப் பாறையிடம் கற்ற விகிதத்தை இன்னொரு பாறையிடம் கொண்டுபோய்க் காட்டினால் அது ஒப்புக்கொள்ளாது.

இந்தியாவிலும் கோலார் தங்கச் சுரங்கத்தில், சுமார் 1000 மீட்டர் ஆழத்தில், பாறையைப் பல ஆண்டுகள் சூடாக்கி அதன் வெப்ப, விசை நடத்தையை அளந்திருக்கிறார்கள்.

ஒரே சோதனையை வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு மென்பொருளில், விடையைப் பார்க்காமல் முன்கூட்டிக் கணிப்பதும் உண்டு. 1992-இல் தொடங்கிய ‘டெகோவாலெக்ஸ்’ பன்னாட்டுத் திட்டத்தின் வேலையே அதுதான். குழுக்களின் வெப்பநிலைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். நீரழுத்தக் கோடுகள் விசிறிபோல் விரியும்.

லட்சம் ஆண்டுக்கு அப்பால் நடப்பதைக் கணினி எப்படிச் சொல்ல முடியும்?

வெப்ப மாதிரியிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. ஜெர்மனியும் ஸ்விட்சர்லாந்தும் பாதுகாப்பைப் பத்து லட்சம் ஆண்டுக்குக் காட்டச் சொல்வது உண்மைதான், ஆனால் அதில் வெப்பம் ஆட்டம் போடுவது முதல் சில ஆயிரம் ஆண்டுகள் மட்டும். கதிரியக்கச் சிதைவின் வேகம் மிகத் துல்லியமாகத் தெரிந்த ஒன்று. வெப்பக் கடத்தல் சமன்பாடு பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே காலத்துச் சரக்கு. நம்பிக்கை தளர்வது அவற்றில் அல்ல, பாறையின் பன்முகத்தன்மையில். ஆகவே ஒரு மாதிரியை ஒருமுறை ஓட்டி விடை சொல்வதில்லை. கடத்துதிறன், விரிசல் அடர்த்தி, நீர்வரத்து ஆகியவற்றை அளந்த எல்லைக்குள் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான முறை ஓட்டி, வரும் விடைகளில் மிக மோசமானவற்றைப் பார்க்கிறார்கள்.

நிலநடுக்கம் தூண்டப்படுமா?

வெப்பத் தகைவு பெரிய பிளவுகளைச் சில இடங்களில் இறுக்கிப் பிடிக்கும், சில இடங்களில் நழுவத் தூண்டும். அதனால்தான் பெரிய பிளவு குறுக்கிடும் குழிகளை நிராகரிக்கிறார்கள். கேபிஎஸ்-3 கொள்கலனுக்கு வைத்திருக்கும் அளவுகோல்: குழியின் குறுக்கே ஒரு விரிசல் 5 சென்டிமீட்டர் வரை நழுவினாலும் கொள்கலன் தாங்கவேண்டும். வடநாடுகளில் இதைவிடப் பெரிய கவலை, பின்னொரு காலத்தில் பனியுகம் வந்து போகும்போது ஏற்படும் அசைவு. மூன்று கிலோமீட்டர் பனி, கிட்டத்தட்ட 27 மெகாபாஸ்கல் எடை.

மேலே தரை உயருமா?

உயரும், சில சென்டிமீட்டர். 500 மீட்டர் பாறை சராசரியாக 10 டிகிரி சூடானால் 4 சென்டிமீட்டர். பக்கவாட்டில் விரிய முடியாததையும் சேர்த்தால் 6 அல்லது 7. அதுவும் ஆயிரம் ஆண்டு வாக்கில் மெல்ல. நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

இன்னும் ஐம்பது, நூறு ஆண்டு மேலேயே ஆறவிட்டுப் பிறகு புதைத்தால் என்ன?

வெப்பத்தின் பார்வையில் நல்லதுதான். 30 ஆண்டுக்கு ஒருமுறை சீசியம், ஸ்ட்ரான்சியம் பங்கு பாதியாகும். ஆனால் நூறு ஆண்டைத் தாண்டிக் காத்திருப்பதில் லாபம் குறைந்துகொண்டே வரும்; அமெரிசியம் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. அதுவரை மேலே காவலும் பராமரிப்பும் வேண்டும். மொத்தத்தில் பார்த்தால், இடைவெளியைக் கூட்டுவது, கொள்கலனில் குறைவாக அடைப்பது, ஆறவிடுவது ஆகிய மூன்றும் ஒரே வெப்பத்தைக் குறைக்கும் மூன்று திருகுகள். எதைத் திருகுவது என்பது பாறையைவிட நாட்டின் பொறுமையைப் பொறுத்திருக்கிறது என்பது என் கருத்து.

இதை நானே கணக்கிட்டுப் பார்க்க முடியுமா?

முடியும், பட்டப்படிப்புக் கணிதம் போதும். ஒரு கொள்கலனைப் புள்ளி வெப்பமூலமாக வைத்து, முடிவில்லாப் பாறையில் வெப்பநிலைக்கான சூத்திரத்தை எழுதுங்கள். மூலத்தின் வலிமை காலத்தோடு குறைவதால், அதைச் சிறு சிறு காலத் துண்டுகளாக வெட்டிக் கூட்டவேண்டும். பக்கத்துக் கொள்கலன்கள் ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தனியே கணக்கிட்டு அதோடு கூட்டுங்கள். வெப்பக் கடத்தல் நேரியல் என்பதால் அப்படிக் கூட்டுவதில் தவறில்லை. ஒரு விரிதாளிலேயே இதைச் செய்துவிடலாம். 6 மீட்டர் இடைவெளியை 5 ஆக்கிப் பாருங்கள், பிறகு 8. அதன்பின் ஓப்பன்ஜியோசிஸை நிறுவி, அதே சிக்கலை அதில் ஓட்டி, இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை வலையைச் சரிசெய்யுங்கள். விழாவிட்டால் முதலில் சந்தேகப்படவேண்டியது எல்லை நிபந்தனையை. மாதிரிப் பெட்டியின் வெளிச்சுவரை மிக அருகே வைத்திருப்பீர்கள். நூறு ஆண்டில் வெப்பம் 56 மீட்டர் போகும் என்று மேலே பார்த்தோம் அல்லவா, உங்கள் பெட்டியின் அகலம் 50 மீட்டராக இருக்கும்.